நிவாரணப் பணம் வருவதற்கு லிங்க் எதற்கு?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் பணத்தின் பெயரைச் சொல்லி, "உங்கள் தடைக்கால நிவாரணம் நிலுவையில் உள்ளது, கேஒய்சி (அடையாள விவரம்) சரிசெய்யவும்" என்று அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு ஃபைல் வந்திருக்கிறது. அம்மா அதைத் தொட்டு, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்து, ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டிருக்கிறார். அன்று இரவே அவர் கணக்கிலிருந்து மூன்று தடவையாக 38,000 ரூபாய் போய்விட்டது. குழுக்கடன் வாங்கி வைத்திருந்த பணம். அம்மா யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. வங்கியில் கேட்டால், "ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். நடந்து ஒன்றரை நாள் ஆகிறது. பணம் திரும்புமா, வீட்டில் மற்றவர்கள் மாட்டாமல் இருக்க என்ன வழி என்பது கேள்வி.

இந்தக் கடற்கரைக் கிளைகளில் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, 1930க்கு இன்னும் போன் செய்யவில்லை என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். அம்மாவின் போனிலிருந்து வேண்டாம், வேறு போனிலிருந்து.

1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கென்றே உள்ள தேசிய உதவி எண். எந்த வங்கி, கணக்கு எண் என்ன, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண் என்ன என்று கேட்பார்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண். எஸ்எம்எஸ்ஸிலோ ஸ்டேட்மென்டிலோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் சொன்னது உங்கள் வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் ஒரே அமைப்பின் வழியே போகும். அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து அடுத்த வங்கிக்குத் தள்ளியிருந்தால் புகார் அந்த வங்கிக்கும் பின்னாலேயே போகும். ஒரு புகார் எண் கொடுப்பார்கள். அதை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் பதிய வேண்டும். முடியாவிட்டால் இராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரில் போகலாம்.

திருடன் பணத்தைத் தன் கணக்கில் வைத்திருப்பதில்லை. யாரோ ஒருவரின் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து ஐந்தாறு கணக்காகப் பிரித்து, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். இதெல்லாம் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்கிறார்கள். ஒன்றரை நாள் கழித்துச் சொன்னால் முழுப்பணமும் பிடிபடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஏதோ ஒரு கணக்கில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுக்காமல் கிடக்கலாம். அப்படிப் பிடிபட்டாலும் அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. காவல் நிலையம் வழியாகத்தான் கிடைக்கும், சில நேரம் நீதிமன்ற உத்தரவும் வாங்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு அவசர வேலை அந்தப் போன். அம்மா இறக்கியது ஏபிகே என்று முடியும் ஒரு ஃபைலாகத்தான் இருக்கும், அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் செயலி. அது முதலில் கேட்கும் அனுமதியே எஸ்எம்எஸ் படிப்பதற்குத்தான். கொடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்கும் ஒரு நகல் போகும். சிலது அழைப்புகளையும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும், வங்கியிலிருந்து சரிபார்க்க அழைத்தால்கூட உங்களுக்கு மணி அடிக்காது. ##002# என்று டயல் செய்தால் எல்லா அழைப்புத் திருப்பலும் ரத்தாகும். நெட்டை அணைத்து, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, படங்களையும் எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, சில செயலிகள் ஐகானை மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். யுபிஐ பின், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத சாதனம் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவின் எண்ணிலிருந்தே குழுவில் உள்ள மற்ற பெண்களுக்கும் அதே ஃபைல் போயிருக்க வாய்ப்பு உண்டு. இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது வங்கி சொன்ன பதிலுக்கு வருவோம். "ஓடிபி போட்டுத்தான் போயிருக்கிறது" என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று, அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் அப்படியொன்று வந்தது. பணம் போனது வாடிக்கையாளரின் கவனக்குறைவால்தான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது. கிளையில் இதை நீங்களே எடுத்துச் சொன்னால்தான் பேச்சு மாறும்.

அந்தச் சுற்றறிக்கையின் கணக்கு இப்படி. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பில்லை, எப்போது சொன்னாலும் சரி. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் அப்போதும் பொறுப்பில்லை. நான்காவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் சொன்னால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயும், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாயும் உங்கள் தலையில் விழும். அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நீங்களே பின்னையோ பாஸ்வேர்டையோ சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குப் புகார் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம். புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். இந்தக் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இருந்தால் வங்கியின் பொறுப்பையும் நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

நாள் எண்ணுவதில் ஒரு சலுகை உண்டு. தகவல் வந்த நாளைச் சேர்க்கக்கூடாது, உங்கள் கிளை வேலை செய்யும் நாட்களை மட்டுமே எண்ண வேண்டும். ஆக உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. பதற்றத்தில் பலர் "நான் ஓடிபி கொடுத்துவிட்டேன், தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள், கொடுக்காதவர்கள்கூட. பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுத்த வாசகமாக இருக்கும். அந்த ஒரு வரியை வைத்தே கோப்பை மூடிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன எண்ணிலிருந்து ஃபைல் வந்தது, அது செயலியாக இறங்கியது, இந்தப் பரிவர்த்தனைகளை நான் செய்யவில்லை, யாரிடமும் ஓடிபியையோ பின்னையோ பகிரவில்லை, 2017 சுற்றறிக்கைப்படி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கக் கேட்கிறேன். அந்தச் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தற்காலிக வரவு வைக்கப்பட வேண்டும், 90 நாட்களுக்குள் புகார் தீர வேண்டும். செயலியை இறக்கியதே கவனக்குறைவு என்று வங்கி வாதாடலாம். வாதாடட்டும். சுற்றறிக்கை உதாரணமாகச் சொல்வது ரகசிய எண்ணைத் தானே பகிர்ந்ததைத்தான், எஸ்எம்எஸ்ஸை ஒரு திருட்டுச் செயலி படித்ததும் அதுவும் ஒன்றல்ல என்பது என் கருத்து. வாடிக்கையாளரின் தவறாகவே இருந்தாலும் வங்கி விரும்பினால் பொறுப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஊரெல்லாம் போர்டு இருக்கிறது. உங்கள் அம்மா சொல்லவேயில்லை, ஆனாலும் போய்விட்டது. அந்த அறிவுரை பழசாகிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். இப்போது நடக்கும் திருட்டில் எண்ணைவிட நேரம்தான் பெரிய விஷயம். நீங்கள் எந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறீர்களோ அந்தப் பணத்தின் பெயரில்தான் செய்தி வரும். நம் கரையில் அந்த நாள்காட்டி யாருக்கும் ரகசியமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்கு 8,000 ரூபாய் நிவாரணம். மாதம் 15ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல்லும் மிளகாயும் போடுகிறவர்களுக்குப் பயிர்க் காப்பீடு, பிஎம் கிசான் தவணை. எது எப்போது வரும் என்று பேப்பரிலேயே போடுகிறார்கள். எங்கோ வடக்கே உட்கார்ந்திருப்பவனுக்கு மீனும் தெரியாது, பாம்பனும் தெரியாது. தேதி தெரிந்தால் அவனுக்குப் போதும்.

அதனால் வீட்டில் ஒரே ஒரு விதியைச் சொல்லி வையுங்கள்: நமக்கு வர வேண்டிய பணம் வருவதற்கு நாம் போனில் எதையும் செய்ய வேண்டியதில்லை. நிவாரணம் ஏறவில்லை என்றால் அதற்கான இடம் மீன்வளத்துறை அலுவலகம் அல்லது வங்கிக் கிளை. ஆதார் இணைப்பு போயிருக்கும், கணக்கு செயலிழந்திருக்கும், பெயரில் எழுத்து மாறியிருக்கும். இதெல்லாம் நேரில் போய்ச் சரிசெய்வது. யுபிஐ பின் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான், வாங்குவதற்கு ஒருபோதும் கிடையாது. க்யூஆர் ஸ்கேன் செய்வதும் அப்படியே.

கருவாடு வியாபாரம் செய்கிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ராணுவத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, மொத்தமாகச் சரக்கு வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று கேட்பது நாடு முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று. உச்சிப்புளியில் கடற்படைத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்கும் ஊரில் "கேம்ப்புக்கு மீன் வேணும்" என்ற பேச்சு நம்பும்படி இருக்கும். வாங்குகிறவர் நிஜம் என்றால் உங்கள் க்யூஆரை அவர் ஸ்கேன் செய்யட்டும். யுபிஐயில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், அந்த வழி அடைபட்டதில் கொஞ்சம் நிம்மதி.

போனில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகாது. அம்மா, அத்தை, சித்தப்பா எல்லோருடைய போனிலும் செட்டிங்ஸில் போய், தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்துவிடுங்கள். அதன்பின் ஏபிகே வந்தாலும் சும்மா இறங்காது. அறிவுரையைவிட இது பெரிய பூட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. வேறு எப்படி முடிந்தாலும் உள்ளே போக வேண்டாம். சேவை அழைப்புகளுக்காக வங்கிகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றால் பேச்சை நீட்ட வேண்டாம். வங்கியின் உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கே திருடர்களும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது.

லிங்க்கைப் பற்றி ஊரே பேசுகிறது. கைரேகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில்தான் அதிகக் கவலை. நம் கிராமங்களில் வயதானவர்களும், பாசி எடுக்கப் போகும் பெண்களும் வங்கிக்குப் போவதைவிட ஊருக்குள் இருக்கும் கைரேகை மெஷினில்தான் பணம் எடுக்கிறார்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் இருந்தால் போதும். ஓடிபி கிடையாது, கார்டு கிடையாது. ஒரு தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை எடுக்கலாம். அலைச்சலும் செலவும் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கடல் தண்ணீரிலும் பாறையிலும் தேய்ந்த விரல் ஒரே தடவையில் விழாது. "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க ஆச்சி" என்று இரண்டாவது தடவை வைக்கச் சொல்வது பெரும்பாலும் உண்மையான காரணத்தால்தான். சில இடத்தில் இரண்டும் விழுந்திருக்கும். கையில் 2,000 கொடுப்பார்கள், கணக்கில் 4,000 கழிந்திருக்கும். மெஷினில் இருந்து வரும் ரசீதை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும். "ஃபெயில்" என்று சொன்னாலும் அதற்கும் ரசீது உண்டு. மாதம் ஒருமுறையாவது கிளையில் பாஸ்புக் என்ட்ரி போட வேண்டும். ஊர்க்காரர்தானே என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகளும் நாட்டில் நடந்திருக்கின்றன. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து சிலிக்கானில் அச்சு செய்திருக்கிறார்கள். இதற்கு ஆதாரிலேயே பூட்டு இருக்கிறது. ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறக்கலாம். உங்களைப் போன்ற இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு பூட்டிவிடுங்கள். வயதானவர்களுக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது, அவர் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புவார். அவர்களுக்கு வேறு வழி: கைரேகையில் எடுக்கும் கணக்கில் குறைந்த பணம் மட்டும் இருக்கட்டும். கைரேகை வழியே பணம் எடுப்பதையே அறவே பயன்படுத்தாதவர்கள், அந்த வசதியைத் தங்கள் கணக்குக்கு நிறுத்த முடியுமா என்று கிளையில் கேட்கலாம், பல வங்கிகள் செய்து கொடுக்கின்றன.

ஜெராக்ஸ் விஷயம் சுருக்கமாக. நிவாரணம், படகுப் பதிவு, குழுக்கடன், சிம் என்று எதற்கெடுத்தாலும் ஆதார் நகல் கேட்கிற ஊர் இது. கொடுக்காமல் இருக்க முடியாது. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள். முழுசாகக் கேட்டால் நகலின் குறுக்கே எதற்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரும் பான் கார்டும் அனுப்பி பிரின்ட் எடுத்தால், வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

சிம் இன்னும் பெரிய ஓட்டை. கடைத்தெருவில் குடை போட்டு சிம் விற்பவர் "ரேகை விழல" என்று இரண்டாம் தடவை வைக்கச் சொன்னால் உங்கள் பெயரில் இன்னொரு சிம் உருவாகியிருக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம், உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே புகார் செய்யலாம். திடீரென்று போனில் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி சிம்முக்குச் சிக்னல் இருந்தால், டவர் பிரச்சினை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கக்கூடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள் வீட்டில் நான் பார்த்தது வேறு. சவூதிக்கோ மலேசியாவுக்கோ போனவர் ஊர் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் செயலிழக்கும். அப்புறம் குறைந்தது 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். வங்கியில் அந்த எண்தான் இருக்கும், எச்சரிக்கையும் ஓடிபியும் யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். வந்தவர் நல்லவராக இருந்தால் பிழைத்தீர்கள். ஊர் எண்ணை உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் வங்கியில் மாற்றுங்கள். வெளிநாட்டு எண்ணை ஏற்கும் வங்கிகளும் உண்டு, மின்னஞ்சல் எச்சரிக்கையும் போட்டு வைக்கலாம்.

தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல் வேறு மாதிரி. கடலுக்குள் போனால் சிக்னல் இல்லை. கணக்கும் எண்ணும் அப்பா பெயரில், போன் படகில். இரவு பணம் போனாலும் கரை ஏறும்வரை யாருக்கும் தெரியாது. மூன்று வேலை நாள் என்பது தகவல் கிடைத்ததிலிருந்து என்று நீங்கள் சொல்வீர்கள், வங்கியோ சர்வர் எஸ்எம்எஸ் அனுப்பிய நேரத்தைக் காட்டும். வங்கி எச்சரிக்கை வரும் எண் கரையில் இருப்பவர் கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் உத்தமம். அதைவிட முக்கியம், யுபிஐ இணைத்த கணக்கில் பெரிய தொகை இருக்கவே கூடாது. இரண்டு கணக்கு வையுங்கள். குழுக்கடன், நகை அடகுப் பணம், சம்மாட்டி (படகு முதலாளி) கொடுத்த முன்பணம் எல்லாம் யுபிஐயும் ஏடிஎம் கார்டும் இல்லாத கணக்கில் கிடக்கட்டும். செலவுக்கு வேண்டியதை மட்டும் மற்றதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் அணைத்து வைக்க 2020 முதலே வசதி கொடுத்திருக்கிறார்கள், பயன்படுத்துவோர் குறைவு.

மிரட்டல் அழைப்பு பற்றி ஒரு வார்த்தை. "உங்கள் மகன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், நீங்கள் டிஜிட்டல் கைது, வீடியோவை அணைக்கக்கூடாது" என்பார்கள். டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வேறு ஊரில் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். இந்தக் கரையில் சுங்கத்துறையும் காவல்துறையின் கியூ பிரிவும் நிஜமாகவே வந்து விசாரிப்பார்கள், அதனால் பயம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நிஜ அதிகாரி வீட்டுக்கு வருவார், சம்மன் கொடுப்பார், யுபிஐயில் பணம் கேட்கமாட்டார். இலங்கையில் பிடிபட்டவரை விடுவிக்கப் பணம் அனுப்பு என்று யாராவது போனில் கேட்டாலும் மீனவர் சங்கத்திலும் மீன்வளத்துறையிலும் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் வயதுப் பையன்களுக்கு வேறொரு தூண்டில் இருக்கிறது. "உன் அக்கவுண்டைக் கொடு, பணம் வந்து போகும், மாதம் ஐந்தாயிரம் தருகிறேன்" என்பார்கள். உங்கள் அம்மாவின் 38,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது இப்படிக் கொடுத்த ஒரு பையனின் கணக்காகத்தான் இருக்கும். போலீஸ் முதலில் தேடி வருவது அவனைத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

வங்கிகள் மேலும் எனக்குக் குறை இருக்கிறது. எச்சரிக்கை எஸ்எம்எஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகிறது. "டெபிட்" என்ற சொல்லையே படிக்கத் தெரியாதவருக்கு அது எச்சரிக்கை ஆகுமா? தமிழில் அனுப்பச் சொல்லிக் கேட்டால் பல வங்கிகளில் மொழி மாற்றித் தருவார்கள், கேளுங்கள். தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும்போது கிளைக்காரர்கள் இரண்டு பேர் ஊருக்குள் வந்து வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால், நூறு போர்டு செய்யாததைச் செய்யலாம். அவசரமாக டெபாசிட்டை உடைக்க வரும் வயதானவரிடம், "எதற்கு, யார் போன் செய்தார்கள்?" என்று கேட்கும் கவுன்டர்காரர் எந்த மென்பொருளையும்விட மேல். ஆட்கள் குறைந்துவிட்ட கிளைகளில் கேட்க நேரமில்லை என்பதும் உண்மைதான்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். பணம் போனதோடு இது முடியவில்லை. அம்மாவின் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் வெளியே போயிருக்கின்றன. அவற்றை வைத்து யாராவது அவர் பெயரில் கடன் செயலியில் கடன் வாங்கினால், தெரிவது வசூல்காரன் போன் செய்யும்போதுதான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். இந்த மாதம் ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம். தெரியாத கடன் ஏதாவது இருந்தால் அந்த அறிக்கை தந்த நிறுவனத்திலும், கடன் கொடுத்த நிறுவனத்திலும் 1930 புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுப்பு எழுதிக் கொடுங்கள். அடுத்த குழுக்கடனுக்கு அம்மா மனுப்போடும்போது அந்த அறிக்கையைத்தான் பார்ப்பார்கள்.